முந்நூற்றுப் பதினோராம் பக்கத்துச் சிவப்பு

திருநின்றவூர்
9-10-1973

அன்பு மகன் ஆனந்தனுக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் தங்கச்சி வடிவும் அம்மன் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். உன் உடம்பு எப்படி என்று கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை. ஏரியில் தண்ணீர் பாதிகூட இல்லை, மழைக்குக் காத்திருக்கிறோம். வடிவுக்கு வெள்ளானூரிலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறது, பையன் ஆவடியில் வேலையாம், நைனாவைக் கேட்டால் பாக்கலாம் பாக்கலாம் என்கிறார், எதைப் பார்க்கப்போகிறாரோ தெரியவில்லை.

உன் கடிதம் ஆயுத பூஜைக்கு மூன்று நாள் முன்னால் வந்தது. நைனாவுக்குப் படித்துக் காட்டும்போது பாதியை விழுங்கிவிட்டேன். வேற இன்னா எழுதிக்கீறான் என்று கேட்டார், குளிரைப் பற்றி எழுதியிருக்கிறான் என்று சொல்லிக் காகிதத்தை மடித்துவிட்டேன். அந்த ஜெர்மன் தத்துவக்காரப் பெரியவர் எப்போதோ ஒரு புத்தகம் எழுத, அவர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று பத்துப் பேராசிரியர்கள் பத்துப் புத்தகம் எழுத, அந்தப் பத்தில் எது சரி என்று நீ ஜெர்மனியில் உட்கார்ந்து பதினொன்றாவது எழுதுகிறாய். எழுது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உன் அண்ணன் வரதன் வைத்திருந்த அந்தப் பெரியவர் புத்தகத்தில் முந்நூற்றுப் பதினோராம் பக்கத்தில், சாவைப் பற்றி எழுதியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், சிவப்பாக ஒரு அடையாளம் இருக்கிறது, புத்தகம் முழுக்க வேறெங்கும் இல்லை, ஆகவே அண்ணன் தெரிந்தேதான் தண்டவாளத்தில் இறங்கினான், என்னைப் படிக்கவைக்கத் தன் படிப்பை விட்ட ஏக்கத்தில்தான் இறங்கினான் என்று எழுதியிருக்கிறாயே. படிப்பை விட்டுவிட்டு வருகிறேன், எனக்கு அதைப் படிக்க யோக்கியதை இல்லை என்று வேறு எழுதியிருக்கிறாய்.

ஆனந்தா, அந்தச் சிவப்பை வைத்தது நான்தான். அம்பத்தூர் பட்டறையில் மிஷின் பூட்ட வந்த ஜெர்மன்காரர் ஊருக்குப் போகும்போது வரதன் அவரோடு அவர் பாஷையிலேயே பேசிப் பழகின சந்தோஷத்தில் அந்தப் புத்தகத்தைக் கொடுத்தாரே, அதை யாரையும் தொட விட்டானா? அந்த வருஷம் ஆயுத பூஜைக்குத் தன் ஸ்பேனர், ஸ்குரூ டிரைவரோடு அதையும் கொண்டுவந்து வைத்தான். நான் குங்குமக் கிண்ணத்தோடு போனால், யம்மா, அட்டை மேல வெக்காதே, கறையாப் பூடும், சும்மா தொட்டுக் கும்புட்டுக்கோ என்று சொல்லிவிட்டான். என் வீட்டுப் பூஜையில் ஒரு புத்தகம் பொட்டில்லாமல் உட்காருமா? அவன் கை கழுவக் கிணற்றடிக்குப் போனதும், நடுவில் பிரித்து, சந்தனம் காகிதத்தில் ஊறிவிடும் என்று வெறும் விரலை நனைத்துக் குங்குமம் தொட்டு ஓரமாக ஒரு பொட்டு வைத்து மூடிவிட்டேன். அந்த எழுத்தில் சாவு இருக்கிறதா கல்யாணம் இருக்கிறதா, எனக்கு என்ன தெரியும்? சின்ன வயசிலிருந்து வருஷா வருஷம் உன் புத்தகத்தின்மேல் பார்த்த குங்குமம் அந்த ஊருக்குப் போனதும் உனக்கே மறந்துவிட்டது.

மறுநாள் விஜயதசமி. வழக்கம்போலப் பூஜையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கிழக்கே பார்த்து உட்கார்ந்து கொஞ்சம் படித்தான். பட்டறைக்குக் கிளம்பும்போது, சுண்டல் மீதி வையிம்மா, சாயங்காலம் துண்றேன் என்றான். சாகப்போகிறவன் சுண்டல் எடுத்து வைக்கச் சொல்வானா? எதிர் வீட்டுப் பரந்தாமன் அன்றைக்கே சொன்னார், நாங்க வண்டியில ஏறிகினு கீறோம், இவன் டப்பாவைப் புடிச்சிகினு, எங்களப் பாத்துக் கையாட்டிகினே லைனைத் தாண்டி ஓடியாந்தான், அந்தாண்ட வந்த மெயிலை கவனிக்கவே இல்ல என்று. நம்மைத் தேற்றச் சொல்கிறார் என்று நீ நம்பவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நிம்மதி. உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு வேறொன்று பிடித்துக்கொண்டது. அன்றைக்குக் காலையில் அவன் எந்தப் பக்கத்தைப் பிரித்தான்? நான் பிரித்து அழுத்தி மூடிய இடத்திலேயே அது தானாகப் பிரிந்ததோ? என் பொட்டைப் பார்த்துவிட்டு அதைப் படித்தானோ? படித்ததையே நினைத்துக்கொண்டு வண்டி வருவதைப் பார்க்காமல் ஓடினானோ? வேலையாக இருக்கும்போது சாமி அலமாரிப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்கிறது, போய்ப் பார்த்தால் அங்கே புத்தகமே இல்லை, அது உன்னிடம் அல்லவா இருக்கிறது. காலை வண்டி ஊதும்போது உன் நைனா வாய்க்குப் போன இட்லியை அப்படியே நிறுத்திவிடுகிறார், வண்டி போனதும் மெல்லுகிறார். ஐந்து வருஷமாக இப்படித்தான். அவருக்கு என்ன கேட்கிறது என்று நான் கேட்டதில்லை.

ஒருவன் சாவை இன்னொருவன் வாங்கிக்கொள்ள முடியாது என்று உன் பெரியவர் சொல்கிறார் என்று எழுதியிருந்தாயே, அவர் பிள்ளையைப் பறிகொடுத்தவரா என்று விசாரித்து எழுது. நான் தினமும் காலையில் அவனுடைய சாவைச் செத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதை நீயும் எடுத்துக்கொள்ளாதே. யாராவது சுமந்துதான் ஆகவேண்டும் என்றால் என் விரல் சுமக்கட்டும். அந்தப் பெரியவர் எழுதியதற்கு எத்தனை அர்த்தம் வேண்டுமானாலும் சொல், அது உன் வேலை. என் வரதனுக்கு உரை எழுதாதே. அவன் வண்டியைப் பிடிக்க ஓடினான், அவ்வளவுதான்.

படிப்பை முடித்துவிட்டுத்தான் வரவேண்டும். காலுறை போடாமல் தரையில் நடக்காதே, தலைக்கு எண்ணெய் வை. பதிலை என் பெயருக்கே போடு, நைனா கையில் கிடைக்க வேண்டாம். நீ நூறு வயசு நல்லபடியாக இருக்கவேண்டும், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

பரந்தாமனைப்போல இவளும் தேற்றத்தான் சொல்கிறாள் என்று நினைப்பாய், எனக்குத் தெரியும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது அரிவாள்மனை வெட்டிய தழும்பு என் மோதிர விரலில் குறுக்கே ஓடுகிறது, பார்த்திருக்கிறாய். அந்தப் பக்கத்துச் சிவப்பில் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு இருக்கும். என் பெயருக்குக் கீழே அதே விரலை நனைத்து, அதே குங்குமத்தைத் தொட்டு வைத்திருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்.

இப்படிக்கு,
உன் அம்மா
வரலட்சுமி