டெஃபினிட்லி போட்ட கடிதம்

அக். 14, திங்கள்
மழை. தறி சும்மா. தெரு நீளத்துக்குப் பாவு நூல் நீட்ட வழியில்லை, பட்டு நனைந்தால் போச்சு. அப்பா தறிக்கும் வாசலுக்கும் நடை.

பம்பாயிலிருந்து ஓர் அம்மாளின் கடிதம், இங்கிலீஷில். மகள் கல்யாணத்துக்குச் சொன்ன அரக்குச் சேலை நவம்பர் 10-க்குள் வருமா? வராதென்றால் இப்போதே சொல்லுங்கள், வேறிடம் வாங்கிக்கொள்கிறோம். எங்கள் வீட்டு இங்கிலீஷ் இலாகா நான்தான் (போன பரீட்சையில் 38).

அப்பா: "மழை விட்டா வந்துடும்னு எழுதும்மா."

அக். 15
கணக்கு வகுப்பில் பதில் எழுதினேன். 'வரும்' சரி. கூட என்ன போடுவது?
பெர்ஹாப்ஸ் - தூங்கி வழிகிறது.
ப்ராபப்லி - அப்பா சொன்னது இதுதான்.
ஷ்யூர்லி - கெஞ்சுகிறது.
சர்ட்டன்லி - கலெக்டர் ஆபீஸ்.
டெஃபினிட்லி - மீசை வைத்திருக்கிறது.

பக்கத்தில் கமலா: "ப்ராபப்லி போட்டா சேலைக்கே ஜலதோஷம் புடிச்ச மாதிரி இருக்குதுடி."

மீசையைப் போட்டேன். மழையை எழுதவில்லை. தபால் பெட்டியில் போட்டாச்சு.

அக். 18
ஐந்தாம் நாளும் மழை. என்ன எழுதினாய் என்று சாப்பிடும்போது அப்பா கேட்டார். பெருமையாகச் சொன்னேன். சாப்பிட்ட கை நின்றது.

"அந்தப் பொண்ணு நம்மள நம்பிக்கினு வேற சேலை வாங்காம இருக்கும்மா."

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அக். 19, சனி
நனையாத நீள இடம் வேண்டும். கோயில் மண்டபம் - ஒரே கூட்டம். கல்யாணச் சத்திரம் - குட்டை. எங்கள் பள்ளிக்கூடத் தாழ்வாரம் - ஒரு தெரு நீளம்!

ஹெட்மிஸ்ட்ரஸிடம் போனேன். போன வாரம் கடைசி பெல்லைப் பத்து நிமிஷம் முன்னாலேயே அடித்துப் பள்ளிக்கூடத்தையே வீட்டுக்கு அனுப்பியவள் யாரென்று தெரியும்வரை, லீவு நாளில் யாருக்கும் கேட் திறக்காதாம். அவளுக்கு டி.சி. தருவதாகவும் பேச்சு.

கடிதத்தை நினைத்தேன். அந்த பெல் என் கைவேலைதான்; நான்தான் என்றேன்.

"ஆர் யூ ஷ்யூர்?"

"டெஃபினிட்லி, டீச்சர்."

அலமாரியைத் திறந்தார். பிறகு சாவி. டி.சி. இல்லை; வருஷம் முடியும்வரை பெல் அடிப்பது இனி என் வேலை. ஒரு நிமிஷம் தப்பினாலும் அப்பாவைக் கூப்பிடுவாராம்.

அக். 20
லேப் வாசலிலிருந்து ஆபீஸ் வாசல் வரை அரக்குப் பட்டு. அப்பா, அண்ணன், தெருக்காரர் நால்வர். நான் இழை அறாமல் காவல். ஹெட்மிஸ்ட்ரஸே வந்தார், ஒரு சொட்டு விழக்கூடாதென்று குடையை வெளியே வைத்துவிட்டுச் சுவரோரமாகவே நடந்தார். வெளியே கொட்டோ கொட்டு.

நவ. 2
அப்பாவும் அண்ணனும் மாற்றி மாற்றி நெய்து, சேலை பார்சலில் போனது. நான் இரண்டு வாரமாகச் சேட்டையே செய்யவில்லை. கமலாவின் சடையைப் பெஞ்சில் கட்டியது கணக்கில் வராது.

நவ. 8, வெள்ளி
வெயில். பள்ளிக்குக் கிளம்பும்போது தந்தி. அப்பா கை ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பிரிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். ஒரே சொல்: ரிசீவ்ட்.

"இன்னாம்மா போட்டுகிது?"

"சேலை வந்துடுச்சாம்பா."

"அவ்ளோதானா? நீ போட்ட மாதிரி கூட ஒண்ணும் போடலியா?"

"வந்தப்புறம் தேவையில்லப்பா."

மணி ஒன்பது இருபது. ஒன்பதரைக்கு பெல். ஓடணும்.