பப் எடுக்கக் கூடாது

ஆவணி, செவ்வாய்க்கிழமை.

குடலிறக்க ஆபரேஷனுக்கு முன் நுரையீரல் பலத்தைப் பார்க்க ஒரு மெஷினில் ஊத வேண்டுமாம். நர்ஸ் எழுதித் தந்த சீட்டை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘காலையில் பப் எடுக்கக் கூடாது.’ முதியோர் வகுப்பில் கற்றது வீண் போகவில்லை என்று எத்தனை சந்தோஷம்! மகனைத் துணைக்கு வேண்டாம் என்றேன். பஸ் போர்டையும் நானே படித்து ஏறினேன்.

பெரம்பலூர் பேக்கரியில் முட்டை பப்ஸ் சூடாக இருந்தது. தொடவில்லை. மூச்சு வாங்கியதால், வழக்கமாக உறிஞ்சும் மருந்தை மட்டும் உறிஞ்சிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் போனேன்.

“பப் எடுத்தீங்களா தாத்தா?” என்றாள் நர்ஸ்.

“பேக்கரிக்குப் போயும் தொடலம்மா. டீ மட்டுந்தான்.”

“ஐயோ, நீங்க உறிஞ்சுற மருந்துதான் பப்பு! அடிச்சிட்டீங்களா?”

வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மருந்து அடித்திருந்தால் நுரையீரலின் உண்மையான பலம் தெரியாதாம்; இன்று ஊத முடியாதென்று அனுப்பிவிட்டாள். ஆபரேஷனும் தள்ளிப் போயிற்று. வலியோ கூடிக்கொண்டே இருக்கிறது.

“இதுக்குத்தான் நானும் வரேன்னேன். இனிமே சீட்டெல்லாம் எங்கிட்ட குடுத்துடுங்க,” என்றான் மகன்.

கொடுத்துவிட்டேன். ஆனால் நான் ஓர் எழுத்தைக்கூடத் தப்பாகப் படிக்கவில்லை. மருந்து டப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் தமிழில் ஓர் எழுத்துகூட இல்லை.