கொர்னேயெவை யார் வீட்டுக்கு அனுப்புவது?

அன்புள்ள தாயாவுக்கு,

உன் சவேலி சித்தப்பா எழுதுவது. இங்கே நான், உன் சித்தி, பூனை, அடுப்பு எல்லோரும் சுகம், என் வலது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நாட்டின் கிழக்குக் கோடியில், கம்சாத்காவில் நீயும் மாப்பிள்ளையும் குளிர் தாங்கி நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நாங்கள் இங்கே ராத்திரிச் சூப்புக்கு உட்காரும்போது உங்களுக்கு மறுநாளே விடிந்துவிடுகிறது, ஆகவே உலகத்தில் நல்லது கெட்டது எது நடந்தாலும் உனக்குத்தான் முதலில் தெரியும், சித்தப்பனுக்கு ரெண்டு வரி எழுதிப் போட்டால் என்ன குறைந்துவிடும். சித்தி இந்த வருஷம் கோஸ் ஊறுகாய் போட்டாள், ஒவ்வொரு கோஸும் கவச வண்டிக் கோபுரம் மாதிரி, ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவர நிலைப்படியைப் பெயர்க்க வேண்டியதாயிற்று. அவளுக்கு ரத்த அழுத்தம், எனக்கு அவள்.

இப்போது நான் சொல்லப்போவதை யாரும் நம்பமாட்டார்கள் என்று எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி, நெஞ்சில் கைவைத்து உறுதி கூறுகிறேன். நீயும் நம்பவேண்டாம். நம் ரெஜிமெண்டைக் கலைத்துவிட்டார்கள். வசந்தத்திலேயே கலைத்துவிட்டார்கள், சீர்திருத்தமாம், உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. நீ வளர்ந்ததே அந்த முகாம் சமையலறைச் சூட்டில்தானே. உன் அப்பன் போனபிறகு உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நான் ஜெர்மனிக்குப் போனபோது அந்த ஆயிரம் தடியன்கள்தான் உனக்குத் தாதி. அதன் வரலாற்றை இனி எழுத ஆளில்லை, ஆகையால் நானே எழுதுகிறேன். பிறந்தபோது அதற்கு இருந்தது கால்கள் மட்டும். வோல்கா ஆற்றிலிருந்து ஜெர்மனியின் எல்பே ஆறு வரைக்கும் நடந்தே போயிற்று, முதலில் பூட்ஸ் தேய்ந்தது, பிறகு உள்ளே சுற்றிய துணி தேய்ந்தது, கடைசியில் பாதையே தேய்ந்து ஐரோப்பா கொஞ்சம் பள்ளமாகிவிட்டது. சண்டை முடிந்ததும் மேலிடம் இரக்கப்பட்டு லாரி கொடுத்து, மோட்டார் காலாட்படை என்று பெயர் வைத்தது. அப்புறம் எட்டுச் சக்கரக் கவச வண்டி. காலாட்படைக்கு மோட்டார் எதற்கு என்று கேட்காதே, அந்த மோட்டாரைத் தள்ளத்தான் காலாட்கள். அரை நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைய ஜெர்மனியில் இருந்தோம், நம் சமையலறை முட்டைக்கோஸ் வாசனைக்கே எதிரிப் படைகள் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டன, ஒரு குண்டு செலவில்லை. தொண்ணூற்று மூன்றில் எல்லாரையும் ரயிலேற்றி நம் நாட்டுக்கே திருப்பி, இந்த பீட்ரூட் வயலில் இறக்கி, கட்டடம் வரும்வரை கூடாரம் என்றார்கள். உனக்கு ஞாபகம் இருக்கும், சூப்பைக் கோடாரியால் பிளந்து பங்கு வைத்தோம், வெளியே மாட்டியிருந்த தெர்மாமீட்டர் தானாக உள்ளே வந்து அடுப்பருகில் உட்கார்ந்துகொண்டது.

இத்தனை ஊர்வலத்திலும் ஒன்று மட்டும் மாறவில்லை, முதல் கம்பெனியின் அந்தக் கட்டில். தெமியான் கொர்னேயெவ், பத்தொன்பது வயது, நாற்பத்து மூன்றில் தினீப்பர் ஆற்றைக் கடக்கும்போது படகுக்குக் காவலாக நின்று செத்தவன். அவன் பெயரைக் கம்பெனிப் பட்டியலில் என்றென்றும் வைத்திருக்கும்படி உத்தரவு. அன்றிலிருந்து தினமும் ஆள் கணக்கெடுக்கும்போது முதல் பெயர் அவனுடையது, வலது ஓரத்துச் சிப்பாய் அவனுக்குப் பதிலாக "தாய்நாட்டின் விடுதலைக்காக வீரமரணம் அடைந்தார்" என்று சொல்லவேண்டும். அவனுக்குக் கட்டில் உண்டு, போர்வை உண்டு. கம்பெனி ஹவில்தாராக இருபத்தாறு வருஷம் அதை விரித்தவன் நான், போர்வை அத்தனை இறுக்கம், ஒரு கொப்பெக் காசு போட்டால் துள்ளிக் கூரையில் ஒட்டிக்கொள்ளும். நீ ஒருநாள் தலையணைக்கடியில் மிட்டாய் வைத்தாயே, மறுநாள் காணோமே, அவன்தான் தின்றான், எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஒருமுறை சோதனைக்கு வந்த ஜெனரல் ஒருவர் கட்டிலைப் பார்த்து, "யோவ், இந்த ஆள் எங்கய்யா?" என்றார். "வெளியே போயிருக்காருங்க" என்றேன். "எப்பலேர்ந்து?" "நாப்பத்து மூணுலேர்ந்துங்க." மனுஷன் தொப்பியைக் கழற்றி, எங்களைத் திட்டாமலே போனார். என் வாழ்நாளில் திட்டாமல் போன ஒரே ஜெனரல்.

கலைத்தபோது கொடியைச் சுருட்டித் தலைநகர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள், வண்டிகள் ஒருபக்கம், ஆட்கள் ஒருபக்கம். கட்டில் மட்டும் சிப்பாய்கள் படுக்கும் காலி பாரக்கில் நின்றது. நான் ஓய்வு பெற்றவன், வெந்நீர்க் கொதிகலன் பார்க்கிறவன், இருந்தாலும் மெடல்களை மாட்டிக்கொண்டு அலுவலகம் போய், கொர்னேயெவை என்ன செய்வது என்று கேட்டேன். அங்கே ஒரு சின்ன வயசு கேப்டன், பாவம் நல்ல பையன், தலையைச் சொறிந்தான். "தாத்தா, ஒண்ணு வேற படைக்கு மாத்தணும், இல்ல வீட்டுக்கு அனுப்பணும். மாத்தலாம்னா ஆள் உயிரோட இல்ல. அனுப்பலாம்னா என்றென்றும்னு உத்தரவு இருக்கு." "அப்ப?" என்றேன். "அப்ப... டீ குடிக்கிறீங்களா?" என்றான். குடித்தேன், வேறென்ன செய்ய. மேலே ஒருவர், அவருக்கு மேலே ஒருவர், ஏழு மாடி ஏறினேன், ஏழாவது மாடியில் மேகம் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது, அதுவும் டீதான் கொடுத்தது.

என் கவலை கட்டில் இல்லை தாயா, கொர்னேயெவின் தங்கச்சி. அக்லாயா நிகிதிச்னா, உனக்குத் தெரியும், கோஸ் அடைத்த ரொட்டி சுட்டுக்கொண்டு வருஷா வருஷம் ரெஜிமெண்ட் நாளுக்கு வருவாளே. அண்ணன் சாகும்போது பதினைந்து வயசு, இப்போது எண்பத்தொன்று. தினீப்பரில் அவனுக்குக் கல்லறை கிடையாது, ஆறு கொண்டுபோய்விட்டது, ஆகவே அவன் பெயரை யாரோ உரக்கக் கூப்பிடுவதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் ரயிலில் வருவாள். அவளிடம் எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை. சமையல்காரி ஃபைனாவையும் குளியலறை பார்க்கும் பங்கிராத்தையும் பிடித்து, பழைய ராணுவக் கோட்டு மாட்டி, புல் முளைத்த அணிவகுப்பு மைதானத்தில் நிறுத்தினேன். ஃபைனா வலது ஓரம். பதிலை ஒரு வாரமாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அக்லாயா வந்தாள், காவலில்லாத கேட்டைப் பார்த்தாள், எங்கள் மூன்று பேர் ரெஜிமெண்டைப் பார்த்தாள், ரொட்டிப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வழக்கமான இடத்தில் நின்றாள். "சிப்பாய் கொர்னேயெவ்!" என்றேன். ஃபைனா வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது.

அப்போது கிழவி கேட்டாள், "ஏண்டா சவேலி, எங்க ஊர்ல ரேடியோ இல்லன்னு நெனச்சியா? வசந்தத்துலயே சொல்லிட்டான். யாருக்குடா இந்த நாடகம்?" நான், "தெரிஞ்சும் எதுக்கக்கா இவ்ளோ தூரம்?" என்றேன். "அவனைக் கூட்டிட்டுப் போக" என்றாள். "எங்க தெருப் பசங்க எல்லாம் ரெண்டு மூணு வருஷத்துல வீட்டுக்கு வந்துட்டானுங்க. இவனை மட்டும் அறுபத்தாறு வருஷமா வெச்சிருக்கீங்க. என் அண்ணன் இப்ப எனக்குப் பேரன் வயசுல நிக்கறான். படையே இல்லன்னு ஆச்சு, இன்னும் யாருக்குக் காவல்? லீவு கேக்கல, ஒரேயடியா விட்டுடு. நீதானே ஹவில்தார், சொல்லு."

உடனே உன் சித்தப்பன் என்ன செய்தேன் தெரியுமா? மார்பை விரித்தேன், பித்தான்கள் தோட்டா மாதிரி தெறித்தன. "சிப்பாய் கொர்னேயெவ், அணியை விட்டு வெளியே வா! சேவை முடிந்தது! வீட்டுக்குப் போ!" என்று முழங்கினேன், பாப்ளார் மரக் காக்கைகள் மயங்கி விழுந்தன, மாவட்டம் முழுக்க ஜன்னல் கண்ணாடி போயிற்று. கட்டில் தானே ஒரு அடி முன்னால் நகர்ந்து சல்யூட் வைத்தது. அவள் போர்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தாள், ரயிலில் ரெண்டு டிக்கெட், கீழ்ப்படுக்கையில் அவனுக்கு விரித்தாள். "ரெண்டாவது ஆள் எங்கே?" என்று அதட்டிய டிக்கெட் பரிசோதகியிடம், "தூங்கறான், எழுப்பாதே, ராணுவத்துலேர்ந்து வர்றான்" என்றாளாம், அவளும் மூன்று நாள் டீ கொண்டுவந்து வைத்தாளாம்.

தாயா, காலுறை ரெண்டாகப் போடு, மாப்பிள்ளை கப்பலேறும் முன் பூண்டு தின்னச் சொல், கோடையில் எப்படியாவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா, கடவுள் உங்கள் வீட்டை எப்போதும் சூடாக வைத்திருக்கட்டும். வந்தால் பின்னறைக் கட்டிலில் மட்டும் உட்காராதே. ஆமாம், அது இங்கேதான் இருக்கிறது, பங்கிராத்தும் நானும் தூக்கிவந்தோம், காலையில் எழுந்ததும் விரிக்கிறேன். காக்கை, கண்ணாடி, டிக்கெட் எல்லாவற்றையும் அடித்துவிடு. இதில் ஒரு சின்னப் பகுதிதான் நிஜம். அவள் கேட்டாள், நான் அந்த உத்தரவைக் கொடுக்கவில்லை. அவனை வைத்திருக்க உத்தரவு போட்டவர்கள் இன்று இல்லை, விடச் சொல்ல யாருக்கு அதிகாரம் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் பாரக்குக்குள் போய்ப் போர்வை ஓரத்தை ஒருமுறை நீவிவிட்டாள், ரொட்டிப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு ரயிலுக்குப் போய்விட்டாள். உன் துறைமுக அலுவலகத்தில் தோளில் நட்சத்திரம் வைத்தவர்கள் நிறையப் பேர் வருவார்களே, யாரையாவது கேட்டுப் பார் கண்ணு. சீக்கிரம் கேள். அடுத்த அக்டோபரில், ரெஜிமெண்ட் நாளுக்கு, அவள் மறுபடி வருவாள்.

என்றும் உன்,
சவேலி சித்தப்பா