வெள்ளத்தில் கவிழ்த்த வாளி

கண்ணு,

கேட்டால் சிரிப்பாய். அமேசான் ஆற்றோரம் உன் ஆராய்ச்சிக்காக நீ செய்வதுபோல நானும் நம் வயலில் தேங்கிய வெள்ளத்தில் வாளியைக் கவிழ்த்து மிதக்கவிட்டேன். சேற்றிலிருந்து நீ சொன்ன மீத்தேன் வாயு குமிழி குமிழியாக வந்தது. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று வாளியைத் தூக்கிப் பார்த்தேன். அவ்வளவும் போய்விட்டது.

வரப்பில் போன கிருஷ்ணவேணி, "இன்னாண்ணே, வாளியில மீனு புடிச்சிக்கினு இருக்கியா?" என்றாள்.

"காத்து புடிக்கிறேம்மா."

"வூட்ல பேச ஆளில்லன்னா இப்படித்தான்" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

ஆறு பெருகும் மாதங்களில்தான் வாயு அதிகம் கிளம்பும், அளக்காமல் வர முடியாது என்பாய். நேற்று போனில், "அடுத்த வெள்ளம் வரைக்கும் இங்கயே இருக்கட்டுமாப்பா?" என்று கேட்டாய். "வேலைதாம்மா முக்கியம், இரு" என்றேன்.

"திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துக்கினு வர்றேன், வந்துடு கண்ணு" என்று சொல்லத்தான் வாயைத் திறந்திருந்தேன்.

உன் அப்பா