ஒத்தக்கடை பேக்கரிக்குச் சில யோசனைகள்

ஆன்சியின் அப்பாவுக்கு,

உங்கள் தம்பி ஜெய்சன் வந்திருந்தார். "மதினி, அண்ணே ஒத்தக்கடையில பேக்கரி போடுறாரு. ஒங்ககிட்ட யோசனை கேட்டு வரச் சொன்னாரு" என்றார். நீங்களே வந்து கேட்டிருக்கலாம். போகட்டும்.

சாயங்காலம் மதுரையிலிருந்து வீடு திரும்புகிறவர்கள் பஸ் இறங்கும் பக்கமாகக் கடை பாருங்கள். காலையில் வேலைக்கு ஓடுகிறவர்கள் பப்ஸ் வாங்க நிற்க மாட்டார்கள். கண்ணாடிப் பெட்டியை முதல் நாளே நிரப்பிவிடாதீர்கள். மிஞ்சியதை மறுநாள் சூடுபடுத்தி விற்கத் தோன்றும். ஒருமுறை அப்படி வாங்கியவர் மறுபடி வரமாட்டார்.

மாவு பிசையக் கற்றுக்கொள்ளுங்கள். மாஸ்டர் ஒருநாள் சொல்லாமல் நின்றுவிடுவார். இங்கே இப்போது நான்தான் பிசைகிறேன். தோள்பட்டை வலியும் பழகிவிட்டது.

கடைக்கு என் பெயர் வைக்கப் போகிறீர்களாம். வேண்டாம். பலகையில் பெயர் இருந்தால் வருகிறவர்கள் அந்த ஆளைத் தேடுவார்கள். "அக்கா எங்கே?" என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

இங்கே நம் காளவாசல் கடைப் பலகையில் இன்னும் உங்கள் பெயர்தான் இருக்கிறது. நீங்கள் எங்களை விட்டுப் போய் இரண்டு வருஷமாகியும், பன் வாங்க வருகிறவர்கள், "அண்ணே இல்லையாக்கா?" என்கிறார்கள். சரக்கு எடுக்கப் போயிருக்கிறார் என்று சொல்லிவிடுவேன்.

நேற்று நான் உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்தேன். வெளியே யாரோ உங்களைக் கேட்டார்கள். நம் ஆன்சியே அந்தப் பதிலைச் சொன்னாள்.

காளவாசல் கடையிலிருந்து,
நான்.