மாதாவின் கிரீடத்துக்கு ஓர் இடம்

இஞ்சருங்கோ,

இன்று காலை பிரிட்ஜைத் திறந்தபோது, கதவில் நீங்கள் ஒட்டிய அஞ்சலட்டை என் காலடியில் விழுந்தது. மூலையில் மஞ்சள் கறை. அட்டையில், நெதர்லாந்து நாட்டுப் பக்கம் யாரோ ஒருவர் பழைய காலத்தில் மண்ணிற மையால் கீறிய பீடப்படம். நடுவில் ஒரு மாடம், இரண்டு பக்கமும் திறந்த கதவுகள், மாடத்துக்குள் ஒன்றுமேயில்லை. எடுத்துத் துடைத்தேன். இன்றைக்கு மாதா திருநாள், நீங்கள் இல்லாத முதல் திருநாள்.

அந்தப் படத்தை நாம் கண்ட அன்று எனக்கு நல்ல கோபம். பஸ்ஸுக்குப் பனியில் நின்று கால் விறைத்து, சூடு காயத்தான் நூதனசாலைக்குள் நுழைந்தோம். சுவரெல்லாம் பெரிய வண்ணப் படங்கள் தொங்க, நீங்கள் அந்தச் சின்னக் கீறலின் முன்னால் மரமாக நின்றீர்கள்.

“இஞ்ச பாரும், மடிக்கிற பீடம். தவக்காலத்தில நாங்கள் சுரூபங்களை ஊதாத் துணியால மூடுறம். இவங்கள் இந்தக் கதவையே சாத்திப்போடுவாங்கள்.”

“சாத்தட்டும். எனக்குப் பசிக்குது.”

“உமக்கு விளங்கேல்லை. இதுதான் எங்களுக்கு வேணும்.”

விளங்கத்தான் செய்தது. கோவில் எங்களுடையதல்ல. பிரெஞ்சுக்காரரின் பூசை முடிந்த பிறகுதான் தமிழ்ப் பூசை. அது முடிந்ததும் சோடனைகளைக் கழற்றி, மாதாவைப் போர்வையால் சுற்றி, பக்கத்து அறையில் உடைந்த கதிரைகளுக்கு நடுவே வைப்போம். “அம்மாவையும் அகதியாக்கிப் போட்டம்” என்று முகம் வாடுவீர்கள்.

அடுத்த திருநாளுக்குள் எங்கள் பேஸ்மென்டில் பீடம் எழுந்துவிட்டது. சமையலறை அலுமாரி செய்து பழகிய கைக்கு வேகம் சொல்லித்தர வேண்டுமா? படத்தில் நடுப்பகுதி மட்டும் மேலே எழும்பி நின்றது. “அது வீண் வேலை” என்று நீங்கள் பலகையை நேராக அறுத்தீர்கள். மாதாவையும் நீங்களே அளந்தீர்கள். ஆனால் அளந்தது சாதாரண ஞாயிறில், கிரீடம் வைக்காத மாதாவை!

திருநாளன்று கோவிலில் சனம் பார்த்திருக்க, கிரீடம் சூடிய மாதா மாடத்துக்குள் போக மாட்டேன் என்று நின்றுவிட்டா. சரித்தோம், தள்ளினோம். கடைசியில் கிரீடத்தைக் கழற்றிக் காலடியில் வைத்தோம். அன்று நீங்கள் சாப்பிடவில்லை. அஞ்சலட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “கீறின மனுசன் விசரனில்லையப்பா. வாற வருசம் நடுவை உயர்த்துவம்” என்றீர்கள். வருடம் வந்தது. அதற்கு முன்னரே நெஞ்சுநோ வந்து உங்களைக் கொண்டுபோய்விட்டது.

அதன்பிறகு நான் கோவிலுக்குப் போகவில்லை. நாம் சேர்ந்திருந்த அந்த வாங்கில் தனியே இருக்க முடியவில்லை. போன மாதம் சுவாமியார் போன் எடுத்தார். “அந்தப் பெட்டிக்குள்ள மாதா கொள்ளமாட்டா. இந்த முறை வாடகைக்குச் சோடனை எடுப்பம் எண்டு சனம் கதைக்குது” என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! “அது பெட்டியில்லை, சுவாமி. நான் திருத்தித் தாறன்” என்று சொல்லிவிட்டேன். ஒரு ஆணி நேராக அடிக்கத் தெரியாத நான்! அஹுன்ட்சிக்கில் இருக்கும் மகள் வந்து, உங்கள் மரம் அறுக்கும் வாளைத் தேடி எடுத்தாள். “அம்மா, கிரீடத்தோட அளந்தனீங்களோ?” என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு அழுதோம். பேஸ்மென்டில் கிடந்த பீடத்தில், படத்தில் உள்ளபடியே நடுவை உயர்த்தினோம். அறுத்த இடம் கொஞ்சம் கோணல்தான், பேசாதீர்கள்.

இன்று மாதா கிரீடத்தோடு உள்ளே போனா. எங்கும் தட்டவில்லை. பூசை முடிந்து வழக்கம்போலப் போர்வையை எடுத்தேன். கோவிலைப் பார்த்துக்கொள்ளும் பிரெஞ்சுக்கார அம்மா என் கையைப் பிடித்து ஏதோ சொன்னா. மகள் தமிழில் சொன்னாள்: “கதவு இருக்குத்தானே, மூடிப்போட்டு இஞ்சயே விடட்டாம். இனி அறைக்குள்ள வைக்கத் தேவையில்லையாம்.”

போர்வையை மடித்து வைத்தேன். கதவுகளைச் சாத்தினேன், பூட்டினேன். அந்தப் பூட்டின் திறப்பு இப்போது என் கைப்பையில், வீட்டுத் திறப்போடு கிடக்கிறது. அடுத்த ஞாயிறு நான் போனால்தான் திறக்கலாம்.