சன்னலுக்கு எதிரே

ஞாயிறு, இரவு.

கேரவன் வேனை வாடகைக்கு எடுத்து, பக்கவாதத்தில் படுத்துவிட்ட நைனாவைச் செஞ்சிக்கு அழைத்துப்போனேன். ராஜகிரி அடிவாரத்தில் நிறுத்தினோம். அவர் படுத்திருந்த பக்கத்துச் சன்னலுக்கு எதிரே கழிப்பறைச் சுவர்.

"திருப்பி நிறுத்தட்டா சார்? பெரியவரு மலையப் பார்ப்பாரு," என்றார் டிரைவர்.

"வேணாம். இங்கதான் நெழல் இருக்குது," என்றேன்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, "நொண்டிக்கு மலை எதுக்குடா?" என்று என்னை இதே அடிவாரத்தில் உட்காரவைத்துவிட்டு, அண்ணனை மட்டும் மேலே கூட்டிப்போன மனுஷன் அவர்.

நின்று நின்று உச்சிவரை ஏறினேன். சாயங்காலம்தான் இறங்கினேன். நைனா அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறிட்டியா?"

"ஏறிட்டேன் நைனா."

நைனா குழறலாகச் சொன்னார்:

"அன்னிக்கு உனுக்கு மலையாவது தெரிஞ்சுதுடா."